பொருள் எப்படிக் கை மாறியது?

"மேடம், ஒரு திருட்டு கேஸ் போடணும்" என்று ஆரம்பிக்கிறவர்களிடம், என்ன தொலைந்தது, எவ்வளவு பெறும் என்றெல்லாம் நான் முதலில் கேட்பதில்லை. "அது அவர் கைக்கு எப்படிப் போச்சு?" என்றுதான் கேட்பேன். நீங்களே கொடுத்தீர்களா, கேட்காமல் எடுத்தாரா, மிரட்டி வாங்கினாரா, எங்கேயாவது கிடந்ததை எடுத்துக்கொண்டாரா? இதற்குக் கிடைக்கிற பதிலிலேயே எந்தப் பிரிவு என்பது முக்கால்வாசி முடிவாகிவிடும். வந்தவருக்குத்தான் எரிச்சலாக இருக்கும். "போனது போனதுதானே, எப்படிப் போனா என்ன?" என்பார். பறிகொடுத்தவர் பக்கமிருந்து பார்த்தால் அதுவும் நியாயம்தான். ஆனால் எவ்வளவு போனது என்பதைவிட எந்த வழியாகப் போனது என்பதை வைத்துத்தான் சட்டம் குற்றத்துக்குப் பெயர் வைக்கிறது. பெயர் மாறினால் தண்டனை மாறும், ஜாமீன் மாறும், சில சமயம் வழக்கே இல்லாமல் போய்விடும்.

மாஜிஸ்திரேட் கோர்ட்டில் குற்றவியல் வழக்குகள் நடத்துகிறவள் நான். பெரும்பாலும் எதிரித் தரப்பு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர் பக்கம். அதனால் இந்தக் கேள்வியைக் கேட்பது என் பிழைப்பும்கூட.

1.7.2024 முதல் இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. பழைய 378, 379 இரண்டும் இப்போது 303-க்குள் அடக்கம். கோர்ட் வராந்தாவில் இன்னும் எல்லார் வாயிலும் 379-தான். பழைய தேதியில் நடந்த குற்றங்களுக்குப் பழைய சட்டமே பொருந்தும் என்பதால் அந்த எண்ணை இன்னும் பல வருடம் கேட்கத்தான் போகிறோம். எண் மாறியதே தவிர, திருட்டுக்கான இலக்கணம் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. மெக்காலே தலைமையிலான சட்ட ஆணையம் 1837-இல் வரைவு கொடுத்தது. 1860-இல் சட்டமாகி 1862 ஜனவரி 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அந்தப் பழைய வாக்கியத்தின் சாரம் இதுதான்: இன்னொருவர் வசம் இருக்கும் அசையும் பொருளை, அவர் சம்மதம் இல்லாமல், நேர்மையற்ற எண்ணத்தோடு எடுத்துக்கொள்வதற்காக நகர்த்துவது. இதில் எதை உருவினாலும் திருட்டு என்ற கட்டடம் நிற்காது. எதிரித் தரப்பு வக்கீலின் வேலையே இவற்றில் எந்தக் கல் ஆடுகிறது என்று தட்டிப் பார்ப்பதுதான்.

எனக்குப் பிடித்த கல் 'வசம்'. கவனியுங்கள், சட்டம் சொந்தம் என்று சொல்லவில்லை, வசம் என்கிறது. இதனால் உங்கள் சொந்தப் பொருளையே நீங்கள் திருட முடியும். சட்டத்திலேயே இதற்கு உதாரணம் உண்டு. ஒருவர் தன் கைக்கடிகாரத்தைப் பழுதுபார்க்கக் கொடுக்கிறார். கூலி பாக்கி இருக்கிறது, அதற்கு ஈடாகக் கடைக்காரர் கடிகாரத்தைச் சட்டப்படி பிடித்து வைத்திருக்கிறார். கூலி தராமல், அந்தப் பிடிமானத்தைக் கெடுக்கும் எண்ணத்தோடு கடிகாரத்தை எடுத்துக்கொண்டு போனால் அது திருட்டு. அடகு வைத்த கடிகாரமும் அப்படியே. பாக்கி எதுவும் இல்லாதபோது அதே ஆள் கடைக்குள் நுழைந்து கடைக்காரர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனால்? அத்துமீறல் என்று வரலாம், தாக்குதல் என்று வரலாம், திருட்டு வராது. வலுக்கட்டாயமாகப் பிடுங்கினவன் திருடன் இல்லை, சத்தமில்லாமல் எடுத்துப் போனவன் திருடன். சட்டக் கல்லூரி முதல் வருடத்தில் இதைப் படித்தபோது யாரோ குழப்பி எழுதிவிட்டார்கள் என்றுதான் வகுப்பே நினைத்தது.

மோதிரக் கதைகள் இன்னும் சுவாரசியம். ஒருவர் வீட்டு மேசையில் கிடக்கும் மோதிரம், அவர் வீட்டில் இல்லாவிட்டாலும் அவர் வசத்தில்தான் இருக்கிறது. அதை எடுத்தால் திருட்டு. நெடுஞ்சாலையில் விழுந்து கிடக்கும் மோதிரம் யார் வசத்திலும் இல்லை. அதை எடுத்து வைத்துக்கொண்டால் திருட்டு ஆகாது; கையாடல் ஆகலாம். மூன்றாவது கதைதான் அழகு. விருந்தாளி மேசை மேல் மோதிரத்தைப் பார்க்கிறான். உடனே எடுத்துப் போனால் சோதனை போடுவார்கள் என்று பயம். அதே வீட்டுக்குள், யாரும் தேட மாட்டார்கள் என்று தெரிந்த ஓர் இடத்தில் ஒளித்து வைக்கிறான். ஆறப் போட்டு, எல்லாரும் மறந்த பிறகு வந்து எடுத்துக்கொள்வதாக யோசனை. மோதிரம் வீட்டு வாசலைத் தாண்டவே இல்லை. ஆனாலும் மேசையிலிருந்து அதை நகர்த்திய அந்தக் கணத்திலேயே திருட்டு முடிந்துவிட்டது.

நகர்த்துவது என்றால் எவ்வளவு தூரம் என்று கேட்பார்கள். தூரக் கணக்கே இல்லை. கையால் தொட்டிருக்க வேண்டும் என்றும் இல்லை. அடுத்தவர் நாயை, சட்டைப் பையில் தீனி வைத்துக்கொண்டு ஆசை காட்டிப் பின்னால் வரவழைத்தால், அது பின்தொடர ஆரம்பித்ததுமே திருட்டு. பொக்கிஷப் பெட்டி சுமந்து வரும் காளையை வேறு பக்கம் ஓட்டினால், காளை நகர்ந்த கணமே பெட்டியும் திருடப்பட்டுவிட்டது. மரம் மண்ணில் நிற்கும்வரை அசையும் பொருள் இல்லை. எடுத்துப் போகும் எண்ணத்தோடு வெட்டினால் துண்டான நொடியில் அசையும் பொருளாகவும் ஆகிறது, திருட்டுப் பொருளாகவும் ஆகிறது. இந்தத் தர்க்கம் ஆற்று மணல் வரைக்கும் வந்திருக்கிறது. அனுமதியில்லாமல் மணல் அள்ளுகிறவர்கள் மேல் கனிமச் சட்டத்தில் மட்டும்தான் நடவடிக்கை எடுக்கலாம், திருட்டு வழக்குப் போட முடியாது என்று ஒரு வாதம் ரொம்ப நாள் ஓடியது. இரண்டும் வெவ்வேறு குற்றம், திருட்டு வழக்கும் போடலாம் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அப்புறம் எண்ணம். 'நேர்மையற்ற' என்றதும் பொருளைத் தனதாக்கிக்கொள்ளும் ஆசை என்றுதான் எல்லாரும் புரிந்துகொள்கிறார்கள். என்னிடம் வந்த ஒரு பெண்மணி அப்படித்தான் நினைத்திருந்தார். பக்கத்து வீட்டுக்காரிக்குக் கைமாற்று கொடுத்திருந்தார். கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் ஒரு நாள், அந்த அம்மா வெளியே போயிருந்த நேரத்தில் வீட்டுக்குள் போய் தையல் மெஷினைத் தூக்கி வந்துவிட்டார். விற்கவில்லை. உபயோகிக்கக்கூட இல்லை. மேலே ஒரு பழைய புடவையைப் போட்டு மூடி, தன் வீட்டுக் கூடத்திலேயே வைத்திருந்தார். "பணத்தைக் குடுத்துட்டு எடுத்துக்கோனு தெருவே கேக்கச் சொன்னேன் மேடம், நானா திருடி?" என்று அழுதார். நேர்மையான கேள்விதான். சங்கடம் என்னவென்றால், ஒருவருக்குச் சேர வேண்டிய பொருளை அவரிடமிருந்து முறையில்லாமல் விலக்கி வைப்பதே சட்டத்தின் கண்ணில் முறையற்ற இழப்பு. அப்படி ஓர் இழப்பை உண்டாக்க நினைத்தால் போதும், உங்களுக்கு லாபம் வந்திருக்க வேண்டும் என்பதில்லை. கடனை வசூலிக்க அழுத்தம் கொடுப்பதற்காகக் கடனாளியின் பொருளைத் தூக்கி வந்தாலும் திருட்டுதான் என்று கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 1895-லேயே சொல்லியிருக்கிறது.

இதிலேயே ஒரு நூலிழை வித்தியாசம் இருக்கிறது. அந்தத் தையல் மெஷின் தன்னுடையதுதான் என்று அவர் நிஜமாகவே நம்பி எடுத்திருந்தால் திருட்டு வராது. நம்பிக்கை தவறாகவே இருந்தாலும் வராது. பாகம் பிரியாத சொத்துத் தகராறுகளில் எங்களுக்குக் கைகொடுக்கிற வாதம் இது. ஆனால் "எனக்குப் பணம் வரணும்" என்பது பணத்தின் மேலுள்ள உரிமையே தவிர மெஷின் மேலுள்ள உரிமை இல்லை. நல்லவேளையாக, திருட்டில் பொருளின் உரிமையாளர் சமரசம் செய்துகொள்ளச் சட்டம் இடம் தருகிறது. மெஷின் திரும்பிப் போனது, கடன் தவணையானது, வழக்கும் முடிந்தது. இரண்டு பேரும் இன்னும் பேசிக்கொள்வதில்லை என்று கேள்வி.

கொஞ்ச நேரத்துக்கு எடுத்துவிட்டுத் திருப்பி வைத்தால்? "இரவல் வாங்கினேன் மேடம், கேக்கத்தான் மறந்துட்டேன்" என்கிற வகையறா. இதில் இந்தியச் சட்டம் இங்கிலாந்தைவிடக் கறார். இங்கிலாந்தின் 1968-ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டத்தில் நிரந்தரமாகப் பறிக்கும் எண்ணம் வேண்டும். அதனால் அடுத்தவர் காரை எடுத்து ஒரு சுற்று சுற்றிவிட்டு விட்டுவிடுகிறவர்களைப் பிடிக்க அதே சட்டத்தில் தனியாக ஒரு பிரிவு போட வேண்டி வந்தது. நமக்கு அந்தத் தொல்லை இல்லை. தற்காலிகமாக எடுத்தாலே போதும்.

இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் வழக்கு சினிமாக் கதை மாதிரி இருக்கும். 1952 மே மாதம், ஜோத்பூரில் விமானப்படைப் பயிற்சி மையம். ஒரு பயிற்சி வீரர், முந்தைய நாள்தான் பயிற்சியிலிருந்து நீக்கப்பட்ட இன்னொருவரை ஏற்றிக்கொண்டு, தனக்கு ஒதுக்கப்பட்ட டகோட்டாவை விட்டுவிட்டு ஒரு ஹார்வர்ட் விமானத்தைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். அனுமதியும் கிடையாது, வழக்கமான முன்னேற்பாடுகளும் கிடையாது. விமானம் பாகிஸ்தானில் ஒரு வயலில் இறங்கியது. வழி தவறிவிட்டோம் என்றார்கள். கராச்சியில் இந்தியத் தூதரகத்தை அணுகித் திரும்பி வந்தார்கள். எங்களுக்கு விமானத்தை வைத்துக்கொள்ளும் எண்ணமா இருந்தது என்பதுதான் வாதம். வைத்துக்கொள்ள வேண்டியதில்லை, அனுமதியில்லாமல் அரசின் பயன்பாட்டிலிருந்து கொஞ்ச நேரம் விலக்கியதே போதும் என்று உச்ச நீதிமன்றம் 1957-இல் தண்டனையை உறுதி செய்தது. 1963-இல் இன்னொரு தீர்ப்பு, இது ஆகாயத்திலிருந்து அலுவலகத்துக்கு வந்தது. ஓர் அரசு அலுவலகக் கண்காணிப்பாளர் ஒரு கோப்பை வீட்டுக்கு எடுத்துப் போய், நண்பரிடம் கொடுத்து, அதிலிருந்த காகிதங்களை மாற்ற விட்டு, மறுநாள் திருப்பி வைத்துவிட்டார். ஒரு நாள்தானே? ஒரு நாளானாலும் திருட்டுதான். கோப்பை வீட்டுக்கு எடுத்துப் போகும் வழக்கம் உள்ள நண்பர்களிடம் இந்தத் தீர்ப்பைச் சொல்லி வயிற்றில் புளியைக் கரைப்பதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

எதையெல்லாம் திருட முடியாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். மின்சாரத்தை, திருட்டுப் பிரிவின் கீழ் திருட முடியாது. கொக்கி போட்டு இழுத்தால் குற்றம்தான், ஆனால் அது மின்சாரச் சட்டம் உண்டாக்கிய குற்றம் என்று 1965-இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. இப்போது 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 135-ஆம் பிரிவு அதைப் பார்த்துக்கொள்கிறது. இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழக மாணவர் தேர்வு வினாத்தாளை முன்கூட்டியே எடுத்துப் படித்துவிட்டுத் திருப்பி வைத்தார். தாளைத் திருடவில்லை, தகவலைத்தான் திருடினார். தகவல் சொத்து இல்லை என்று விட்டுவிட்டார்கள். நம் ஊர்ச் சட்டத்தில் பழைய இலக்கணம் 'தொட்டுணரக்கூடிய' அசையும் சொத்து என்று சொன்னது. புதிய சட்டத்தில் அந்த அடைமொழியை எடுத்துவிட்டு, நிலமும் மண்ணோடு பிணைந்தவையும் தவிர எல்லா வகைச் சொத்தும் என்று எழுதியிருக்கிறார்கள். ஒற்றைச் சொல்லை அடித்ததில் தரவும் டிஜிட்டல் சொத்தும் உள்ளே வருமா என்பது இனி வழக்குகளில் உருட்டப்படப் போகிற விஷயம். வசம், நகர்த்துதல் இரண்டையும் தரவுக்கு எப்படிப் பொருத்துவார்கள் என்று பார்க்க ஆவலாக இருக்கிறேன். நகல் எடுத்த பிறகும் அசல் இருந்த இடத்தில்தானே இருக்கிறது?

சரி, பொருளை நீங்களே கொடுத்திருந்தால்? கட்சிக்காரர்கள் முகம் சுருங்குவது இங்கேதான். நம்பி ஒப்படைத்த பொருளை ஒருவர் விற்றுத் தின்றுவிட்டால், எடுத்ததாகச் சொல்ல முடியாது. அவர் கையில் ஏற்கெனவே இருந்தது. இந்த ஓட்டையால் பழைய இங்கிலாந்துச் சட்டம் ரொம்பத் திண்டாடியிருக்கிறது. 1473-இல் ஒரு வண்டிக்காரர் சரக்கு மூட்டைகளைச் சவுத்தாம்ப்டனுக்குக் கொண்டுபோக ஒப்புக்கொண்டு, வேறெங்கோ கொண்டுபோய்ப் பிரித்து உள்ளே இருந்ததை எடுத்துக்கொண்டார். மூட்டையை அவர் கையில் கொடுத்தாயிற்றே, பிறகு எப்படித் திருட்டு? நீதிபதிகள் மண்டையைக் குடைந்து ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மூட்டையைத்தான் ஒப்படைத்தார்கள், உள்ளே இருப்பதை அல்ல. பிரித்த கணத்தில் திருட்டு வந்துவிட்டது. மூட்டையைப் பிரிக்காமல் முழுசாக விற்றிருந்தால் தப்பித்திருப்பார் போலிருக்கிறது! 1799-இல் ஒரு வங்கி எழுத்தர், வாடிக்கையாளர் கொடுத்த 100 பவுண்டு நோட்டைப் பெட்டியில் போடாமல் பையில் போட்டுக்கொண்டார். நோட்டு வங்கியின் வசத்துக்கு வரவே இல்லை என்பதால் திருட்டு இல்லை என்று விடுதலை. அதே வருடம் அவசரமாகக் கையாடலுக்கென்று ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள்.

இந்தக் கூத்தையெல்லாம் பார்த்த பிறகு எழுதப்பட்டதால் நம் சட்டம் தெளிவாகவே பிரித்து வைத்தது. ஒப்படைக்கப்பட்ட பொருளில் கை வைத்தால் நம்பிக்கை மோசடி. பழைய எண் 406, இப்போது 316. அதிகபட்சம் மூன்றாக இருந்த சிறைத்தண்டனை ஐந்து வருடமாகிவிட்டது. வீட்டு வேலையாள் விஷயத்தில் மட்டும் ஒரு நுணுக்கம். முதலாளி வெள்ளிப் பாத்திரங்களைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அதே வீட்டில் இருக்கிறார், வேலையாள் தூக்கிக்கொண்டு ஓடுகிறார் என்றால் அது திருட்டு. பாத்திரம் முதலாளி வசத்தை விட்டுப் போகவே இல்லை. அதே பாத்திரங்களைப் பயணம் போகும்போது ஒரு கிடங்குக்காரரிடம் விட்டுப்போய், அவர் விற்றுவிட்டால் நம்பிக்கை மோசடி. வேலையாள் செய்யும் திருட்டுக்கு ஏழு வருடம் வரை உண்டு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பொய் சொல்லி உங்கள் கையாலேயே கொடுக்க வைத்தால் ஏமாற்றுதல், அதாவது நாடறிந்த 420, இப்போது 318(4). இதில் முக்கியம், பொய் எப்போது பிறந்தது என்பது. வாங்கும்போதே தரக்கூடாது என்ற எண்ணம் இருந்திருக்க வேண்டும். நல்ல எண்ணத்தோடு வாங்கி, வியாபாரம் நொடித்து, தர முடியாமல் போனால் அது கடன். சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். இதைச் சொன்னால் "அப்போ அவனை உள்ள தள்ள முடியாதா?" என்று என்னை எதிராளியின் ஆள் மாதிரி பார்ப்பார்கள்.

போலீஸ் நிலையங்களில் இதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. எதற்கும் இருக்கட்டும் என்று 406, 420 இரண்டையும் சேர்த்துப் போட்டுவிடுவது. கொஞ்சம் யோசித்தால் இது பொருந்தாது. ஏமாற்றுதலில் ஆரம்பத்திலிருந்தே கெட்ட எண்ணம். நம்பிக்கை மோசடியில் முறையாக ஒப்படைத்தாயிற்று, எண்ணம் பிறகு கெட்டது. ஒரே சம்பவத்தில் ஒரே ஆள் இரண்டையும் எப்படிச் செய்வார்? 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் கொஞ்சம் கோபமாகவே எழுதியது. இத்தனை வருடத்துக்குப் பிறகும் இந்த வித்தியாசம் புரியவில்லையே என்று போலீசாரையும் கீழ் நீதிமன்றங்களையும் சேர்த்துக் குட்டியது. அந்தத் தீர்ப்பின் நகல் ஒன்று என் பையில் எப்போதும் இருக்கிறது.

தெருவில் கிடந்த பொருளைப் பற்றி மேலே சொன்னேன். கண்டெடுத்தவர் உடனே குற்றவாளி ஆகிவிடுவதில்லை. பத்திரப்படுத்தவோ திருப்பிக் கொடுக்கவோ எடுத்தால் குற்றமே இல்லை. யாருடையது என்று தெரிந்தும், அல்லது தெரிந்துகொள்ள வழி இருந்தும், அல்லது நியாயமான அளவுக்குத் தேடிப் பார்த்து நியாயமான காலம் காத்திருக்காமல் தனதாக்கிக்கொண்டால்தான் கையாடல். பிரிவு 314; இப்போது குறைந்தபட்சம் ஆறு மாதம், அதிகபட்சம் இரண்டு வருடம். கீழே கிடந்த போனை எடுத்து, அது அடித்துக்கொண்டே இருக்கும்போது சிம்மைக் கழற்றிப் போடுகிறவருக்கு "யாருடையதுனு தெரியாது" என்ற வாதத்தை நான் எந்த முகத்தோடு வைப்பது?

கொள்ளை வகையறாவை நான் வேகமாகக் கடந்துவிடுகிறேன். அவை திருட்டோடு வேறொன்று சேர்ந்த கலவைகள்தான். சட்டென்றோ பலவந்தமாகவோ பிடுங்கினால் பறிப்பு, புதிய சட்டத்தின் 304. செயின் பறிப்பை மனதில் வைத்துத் தனிக் குற்றமாக எழுதியது இப்போதுதான். திருடும்போது காயப்படுத்தினாலோ, தடுத்து வைத்தாலோ, உடனடி பயத்தை உண்டாக்கினாலோ கொள்ளை. ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து செய்தால் கூட்டுக்கொள்ளை. அதில் முயற்சியே முழுக் குற்றம், ஆயத்தம் செய்வதும் கூடுவதும்கூடத் தண்டனைக்குரியவை. மிரட்டிப் பணம் பறிப்பதில் மட்டும் நின்று பார்க்க ஒன்று உண்டு. அதில் பொருளைக் கொடுப்பது பறிகொடுத்தவரேதான், பயத்தில். துப்பாக்கியைக் காட்டிப் பர்ஸைக் கேட்டால் உடனடி பயம், அதனால் கொள்ளை. "உன் பிள்ளை எங்க ஆளுங்க கையில இருக்கு, பணம் அனுப்பலேனா கொன்னுடுவோம்" என்றால் அது மிரட்டிப் பறித்தல்தான். அந்தப் பிள்ளை அந்த நொடியே கொல்லப்படும் என்ற பயம் இருந்தால் ஒழியக் கொள்ளை ஆகாது. பெற்றவரிடம் போய் இந்த வித்தியாசத்தை விளக்க யாராலும் முடியாது.

இவ்வளவும் புத்தகம். கோர்ட்டில் பெரும்பாலான திருட்டு வழக்குகள் இந்த இலக்கணத்தில் நிற்பதோ விழுவதோ இல்லை. பொருள் எங்கே கிடைத்தது, யார் அடையாளம் சொன்னார்கள் என்பதில்தான். திருடுபோன கொஞ்ச நாளுக்குள் பொருள் ஒருவரிடம் இருந்து, அவர் அதற்குக் கணக்குச் சொல்ல முடியாவிட்டால், அவரே திருடினார் அல்லது திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்கினார் என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம். சாட்சியச் சட்டம் மாறியும் இந்த அனுமானம் அப்படியே தொடர்கிறது. அதனால் எங்கள் சண்டை முழுக்க மகஜரில், அதாவது பொருளைக் கைப்பற்றும்போது போலீஸ் எழுதும் ஆவணத்தில். கைப்பற்றியபோது கையெழுத்துப் போட்ட சாட்சி, ஸ்டேஷனில் உட்கார்ந்து போட்டாரா, இடத்துக்கே போனாரா?

ஒரு செயின் வழக்கில் குறுக்கு விசாரணை செய்துகொண்டிருந்தேன். சான்றுப் பொருள் ஒன்று என்று சீட்டுக் கட்டிய செயினை அந்தம்மா கையில் கொடுத்தார்கள். இதே டிசைனில் ஆயிரம் செயின் இருக்குமே, உங்களுடையதுதான் என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். வழக்கமாக இந்தக் கேள்விக்குச் சாட்சிகள் தடுமாறுவார்கள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கொக்கியை விரல் நகத்தால் தூக்கிக் காட்டினார். "இது ஒருதடவை வாயைத் தொறந்துக்கிச்சு. பல்லால கடிச்சு நான்தான் மூடினேன். இந்தப் பக்கம் நசுங்கியிருக்கும் பாருங்க." மாஜிஸ்திரேட் வாங்கிப் பார்த்தார். அரசுத் தரப்பு வக்கீலான ஏ.பி.பி. பார்த்தார். என்னிடமும் நீட்டினார்கள். நசுங்கித்தான் இருந்தது. வேறு கேள்வி இல்லை என்று உட்கார்ந்துவிட்டேன்.

செகண்ட் ஹேண்ட் போன் வாங்குகிறவர்களுக்கும் அந்த அனுமானம் பொருந்தும். 317-ஆவது பிரிவில் திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால் மூன்று வருடம் வரை. பில் இல்லை, பெட்டி இல்லை, பாதி விலை, பஸ் ஸ்டாண்டில் கைமாற்றம் என்றால் 'நம்பக் காரணம்' தானாகவே வந்து உட்கார்ந்துகொள்ளும். விற்றவரின் அடையாள அட்டை நகலையும், கையெழுத்துப் போட்ட ஒரு காகிதத்தையும் வாங்கி வைத்துக்கொண்டவர்களை நான் பெரும்பாலும் முதல் கட்டத்திலேயே வெளியே கொண்டுவந்திருக்கிறேன்.

கடைசியாக, புதிய சட்டத்தில் பலருக்கும் தெரியாத ஒன்று. திருடுபோனதன் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்து, முதல்முறை தண்டிக்கப்படுகிறவர் பொருளையோ மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால், சிறை கிடையாது. சமூக சேவைதான் தண்டனை. எதிரித் தரப்பில் நிற்பவள் என்ற முறையில் இதை வரவேற்கிறேன். பசிக்கும் அற்ப ஆசைக்கும் கை நீட்டிய பையன்கள் ஜெயிலுக்குப் போய், அங்கே தொழில் கற்றுக்கொண்டு திரும்புவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் இதே தொகைக்குக் கீழே உள்ள திருட்டை, போலீஸ் தானாக வழக்குப் பதிந்து விசாரிக்க முடியாத குற்றமாகவும் ஆக்கிவிட்டார்கள். மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். ஒரு கூலித் தொழிலாளியின் சைக்கிளோ பட்டன் போனோ போனால், அவருக்கு அது மாதச் செலவில் பெரும்பங்கு. சட்டத்துக்கு அது சில்லறை. ஸ்டேஷனில் ஒரு ரசீதை நீட்டி அனுப்பிவிட வசதியாகிவிட்டது.

அந்த 5,000-ஐ எப்படிக் கணக்கிடுவது என்று பிரிவு சொல்லவில்லை. வாங்கிய விலையா, இன்றைக்கு விற்றால் கிடைக்கிற விலையா? என்னுடைய எதிரிக்கு அது எப்போதும் ஸ்கிரீன் விரிசல் விட்ட பழைய போன்தான். புகார்தாரருக்கு அது எப்போதும் போன மாதம் வாங்கிய போன்தான். ஆகவே புகார் கொடுக்கப் போகிறவர்கள் வாங்கிய பில்லை எடுத்துக்கொண்டு போங்கள். என்னிடம் வருகிறவர்கள் விரிசலைப் போட்டோ எடுத்து வைத்திருந்தால் சௌகரியம்.